பலகையில் எழுத்து வெட்டும் பொறி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை நாங்கள் படுவான்கரை என்போம். பொழுது படுகின்ற திசையிலுள்ள கரை என்பது பொருள். கிழக்கே கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் வருவோரை வரவேற்கும் ஊர் வவுணதீவு. வயலும் வாவியும் சூழ்ந்த இவ்வூரிலே, பாடசாலை நூலகத்தின் வாயிலுக்கு மரத்தாலான பெயர்ப்பலகை ஒன்று செய்த கதையை இன்று சொல்லக் கருதுகிறேன். ஒரு பலகை செய்ததில் சொல்லத்தக்க கதை என்ன இருக்கிறது என்று நேயர்கள் வினவலாம். அப்பலகையில் எழுத்து வெட்டியது மேசைமேல் வைக்கத்தக்க ஒரு சிறு கணினிப் பொறி. அதனை நாங்கள் சரிவர விளங்கிக்கொண்டது ஒரு பிழையினால். அந்தப் பிழை என்னுடையது.

முதலில் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை இப்பகுதியில் மூத்தோர் எவரும் மறந்திலர். அப்பொழுது நான் சிறுவன். எங்கள் வளவில் நின்ற பெரிய வேப்பமரம் அந்த இரவில் வேரோடு சாய்ந்தது. அதனை அறுப்பித்து எடுத்த பலகைகளுட் பெரும்பாலானவை கதவுக்கும் கட்டிலுக்கும் போயின. ஒன்று மாத்திரம் எப்படியோ பரணில் தங்கிவிட்டது. நான்கு அடி நீளம், பத்து அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புகையும் காற்றும் பட்டு நன்கு உலர்ந்திருந்தது. பச்சை மரத்தில் எழுத்து வெட்டினால் மரம் உலரும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். ஆதலால் எழுத்து வெட்டுவதற்கு வயது சென்ற பலகையே ஏற்றது. வேம்பைக் கறையானும் எளிதில் அணுகாது. அதற்குள்ள ஒரே குறை, அதன் இழையோட்டம் ஒரு திசையில் மாத்திரம் ஓடாது, ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடுவதாகும். உளியோ சீவுளியோ எந்தப் பக்கமிருந்து சென்றாலும் எங்கேனும் ஓரிடத்தில் இழை எதிர்த்து நின்று பிய்ந்து வரும்.

பொறி எங்களிடம் வந்தது வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவரின் அன்பளிப்பாக. துண்டு துண்டாகப் பெட்டியில் வந்ததை உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவிற் படிக்கும் மாணவன் ஒருவன் இரண்டு மாலைப்பொழுதில் பூட்டி முடித்துவிட்டான். நான் கலைப் பட்டதாரி; திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதையே ஒரு கணம் நினைத்துப் பார்த்துத்தான் சொல்வேன். ஆயினும் அருகில் இருந்து பார்த்ததில் எனக்கு விளங்கியதைக் கூறுகிறேன்.

பலகை கீழே அசையாது கிடக்கும். அதன்மேலே பாலம் போன்ற ஒரு சட்டம் முன்னும் பின்னும் செல்லும். அச்சட்டத்தில் தொங்கும் வெட்டுங்கருவி இடமும் வலமும் செல்லும்; மேலும் கீழும் இறங்கி ஏறும். இந்த மூன்று அசைவுகளையும் தருவன சிறிய மின் மோட்டார்கள். இவை மின்விசிறியின் மோட்டாரைப் போலத் தொடர்ந்து சுழல்வனவல்ல. கட்டளைக்கு ஒரு படி என்று அடியெடுத்து வைப்பன. ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். மோட்டாரோடு பொருத்திய திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீற்றர் நகருமானால், ஒரு படிக்கு நகர்வது 0.02 மில்லிமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் குறைவு. இத்துணை நுண்மையான அடி மனிதக் கைக்கு வாயாது.

கணினி அந்த மோட்டார்களுக்கு இடும் கட்டளைகள் வரி வரியாக எழுதப்பட்டவை. "ஜீ 1, எக்ஸ் 40, வை 25, இசட் கழித்தல் 2" என்று ஒரு வரி இருந்தால், தொடக்கப் புள்ளியிலிருந்து வலப்புறம் 40, மேற்புறம் 25 மில்லிமீற்றர் தூரத்திலுள்ள இடத்துக்கு, பலகைக்குள் 2 மில்லிமீற்றர் ஆழத்தில், நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு செல் என்பது அதன் பொருள். ஓர் எழுத்தின் வளைவு இத்தகைய நூற்றுக்கணக்கான குறுங்கோடுகளால் ஆனது. அவ்வளவையும் மென்பொருளே எழுதித் தந்துவிடும்.

இவ்வகைப் பொறியின் வரலாறும் சுவையானது. அமெரிக்காவிலே ஜோன் பார்சன்ஸ் என்பவர் 1940களில் ஹெலிகொப்டரின் சுழல் அலகுகளைச் செய்யும் வேலையில் ஈடுபட்டிருந்தார். அலகின் வளைவைக் கையால் வரைந்து வெட்டுவதிற் பிழை மலிந்தமையால், வளைவிலுள்ள புள்ளிகளைத் துளையட்டைக் கணக்கியந்திரத்தாற் கணித்து, அந்த எண்களின்படியே வெட்டலாம் என எண்ணினார். அந்த எண்ணம் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பொறியாக உருப்பெற்று 1952 இல் செய்து காட்டப்பட்டது. துளையிட்ட நாடாவை வாசித்து உலோகம் வெட்டிய அந்த இயந்திரம் ஓர் அறையை அடைக்கும் பருமனுடையது. இன்று அதே வேலையை உள்ளங்கைக்குள் அடங்கும் மின்சுற்றுப் பலகை செய்கிறது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005 இல் தோன்றிய ஆர்டுயினோ என்னும் பலகையும், அதிலே ஓடுமாறு நோர்வே நாட்டவரான சிமன் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் 2009 இல் எழுதி எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிட்ட ஜெர்பில் என்னும் நிரலுமே இத்தகைய பொறிகள் பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் வரக் காரணமாயின.

இனி எழுத்துக்கு வருவோம். பலகையில் வரவேண்டியது இரண்டு வரி: மேலே "பாடசாலை நூலகம்"; கீழே சற்றுச் சிறிதாக "வவுணதீவு". கணினியில் எழுத்தைத் தட்டெழுதியவுடன் பொறி அதனை வெட்டிவிடாது. எழுத்து முதலில் கோட்டுருவமாக மாற்றப்படவேண்டும். எங்கள் மாணவன் இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு மாற்றினான். மாற்றிய பின்னர் அது கணினிக்கு எழுத்தன்று, வளைகோடுகளின் கூட்டம். அதற்குமேல் அதிலே எழுத்துப் பிழை பார்க்கும் வழி கணினிக்கு இல்லை. இந்தச் செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்; பின்னர் இதற்கு வேலை உண்டு.

லை என்னும் எழுத்தின்மீது எனக்கு ஓர் ஆசை இருந்தது. நான் முதலாம் வகுப்பிற் படித்தபோது லைகாரத்துக்கு யானைத் தும்பிக்கை போன்ற ஒரு வளைவு முன்னே நின்றது. தமிழ்நாட்டரசு 1978 இல், அதாவது எங்கள் வேம்பு விழுந்த அதே ஆண்டில், அவ்வகை எழுத்துக்களைச் சீர்திருத்தியது. காலப்போக்கில் நம் நாட்டு அச்சகங்களும் அவ்வழியே சென்றன. பழைய பாடசாலைப் பலகையில் இருந்ததுபோலத் தும்பிக்கை லையை வைக்கலாமா என்று கேட்டேன். கணினியிலுள்ள எழுத்துருக்கள் எதிலும் அது கிடைக்கவில்லை. வேண்டுமானால் பழைய படத்தை வைத்து வரைந்து தருவதாக மாணவன் கூறினான். பிறகு யோசித்தேன். இக்காலத்துப் பிள்ளைகள் அதனை எழுத்தென்றே அறியார். நூலக வாயிலில் வாசிக்க முடியாத எழுத்து எதற்கு? ஆசையை விட்டுவிட்டேன்.

வெட்டுங்கருவியின் முனை கூம்பு வடிவானது. ஆழமாக இறங்கினால் அகலமான கோடும், மேலோட்டமாகச் சென்றால் மெல்லிய கோடும் விழும். கோடு எங்கெங்கே தடிக்கிறதோ அங்கங்கே கருவி தானே ஆழ இறங்கி, மெலியுமிடத்தில் எழும்பி வரும். கல்லிலும் மரத்திலும் உளி கொண்டு வெட்டுவோர் இருபுறச் சரிவாக வெட்டும் பள்ளத்தின் வடிவமும் இதுவே. முனையின் கோணம் 90 பாகையாயின், 8 மில்லிமீற்றர் அகலமான கோட்டுக்கு 4 மில்லிமீற்றர் ஆழம் போதும். 60 பாகையாயின் அதே கோட்டுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் இறங்கவேண்டும். நிழல் நன்றாக விழும், ஆனால் சிறிய பொறிக்குச் சுமை அதிகம். நாங்கள் 90 பாகை முனையையே எடுத்தோம்.

தமிழெழுத்தைப் பொறுத்தவரை இங்கே ஒரு புதுமை. ஏட்டில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதைத் தவிர்த்தனர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும். இப்பொறிக்கோ எல்லாவற்றிலும் எளியது புள்ளிதான். கூம்பு முனை நேரே இறங்கி நேரே ஏறினால் அழகிய வட்டப் புள்ளி. எங்கள் பலகையில் நூலகத்தின் இறுதி மகரத்துக்கு மாத்திரமே புள்ளி. அது விழுந்ததைக் காண மாணவர் எல்லாரும் பொறியைச் சூழ்ந்து நின்றனர். கடினமானவை சுழிகள். ஒரு சுழிக்கும் அடுத்த சுழிக்கும் இடையில் எஞ்சி நிற்கும் மரம் மெலிந்திருப்பின் இழையோடு சேர்ந்து பெயர்ந்து போய்விடும். அதனால் எழுத்தைத் தெரியும்போது அழகை மட்டும் பாராது, சுழிகளுக்கிடையே மரம் நிற்க இடமுண்டா என்றும் பார்க்கவேண்டும்.

எங்கள் பொறி ஏறத்தாழ 40 சென்றிமீற்றர் சதுரப் பரப்பிலேயே வேலை செய்யும். பலகையோ நான்கு அடி. ஆகவே பலகையை மூன்று பகுதியாகக் கொண்டு, ஒரு பகுதி முடிந்ததும் நகர்த்தி அடுத்ததை வெட்டினோம். நகர்த்தும்போது இம்மியும் பிசகாதிருக்க ஒரு பக்கம் நேர்ச்சட்டம் வைத்து, பலகையின் ஓரத்தில் இட்ட துளைகளில் முளை செருகினோம். இதனால் வேறொரு நன்மையும் விளைந்தது. மின்சாரம் இடையில் நின்றால் பொறி தான் நின்ற இடத்தை மறந்துவிடும். முளைத்துளை இருந்தமையால் தொடக்கப் புள்ளியை மீண்டும் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரே மூச்சில் 4 மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறக்காமல் சிறுகச் சிறுக நான்கைந்து தடவையாக வெட்டினோம். வேம்பின் தூள் மூக்கை அரிக்கும், கண்ணைக் கரிக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் எவரையும் அருகில் விடவில்லை.

மூன்று பகுதிகளும் முடிந்தன. தூளைத் துடைத்துப் பலகையை நிமிர்த்தி வைத்தோம். கோடுகள் கத்தியால் வெட்டிய வெண்ணெய்போல இருந்தன. ஆசிரியர்கள் வந்து பார்த்துப் பாராட்டினர். நானும் என் கைவேலைபோல மகிழ்ந்து நின்றேன். அப்பொழுது தரம் மூன்றிற் படிக்கும் சிறுமி ஒருத்தி, ஒரு விரலை வைத்து எழுத்தின் பள்ளத்தைத் தடவிக்கொண்டே வந்தவள், ஊர்ப்பெயரின் நடுவில் விரலை நிறுத்தி, "சேர், இது இரண்டு சுழி" என்றாள்.

பார்த்தேன். வவுனதீவு என்றிருந்தது.

மூன்று சுழி ணகரம் வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி னகரம். ஒலிப்பு முறையில் தட்டெழுதும் விசைப்பலகையிலே இரண்டும் ஒரே விசை. ணகரம் வேண்டுமாயின் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். மாணவனின் விரல் அதனைத் தவறவிட்டது. அது பெரிய குற்றமன்று. வெட்டுவதற்கு முன் திரையிற் காட்டி, "சரியா, சேர்?" என்று அவன் என்னைக் கேட்டான். நான் கோடுகளின் தடிப்பைப் பார்த்தேன். வரிகளின் இடைவெளியைப் பார்த்தேன். ஓரம் ஒத்திருக்கிறதா என்று பார்த்தேன். வாசிக்கவில்லை. முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன், பணிபுரியும் ஊரின் பெயரை வாசிக்காமல், "சரி, வெட்டு" என்று சொல்லிவிட்டேன். பேருந்திலும் அலுவலகங்களிலும் பெயர்ப்பலகைகளில் தமிழ் பிழைபட எழுதப்பட்டிருப்பதைக் கண்டு எத்தனையோ முறை குறைப்பட்டுப் பேசியவன் நான். அவற்றுக்கும் என்னைப் போல ஒருவர் ஒப்புதல் அளித்திருப்பார் என்று அன்றுதான் தோன்றியது.

ஒரு சுழியைச் சேர்த்துவிடலாமே என்றார் ஆசிரியர் ஒருவர். இடமில்லை. அடுத்து நிற்கும் தீகாரத்தை நகர்த்தினாலன்றி மூன்றாஞ்சுழி நுழையாது. மரத்தில் வெட்டியதை நகர்த்துவது எங்ஙனம்? பலகையைப் புரட்டிப் பார்த்தோம். பின்பக்கம் நீண்ட வெடிப்பும் ஒரு கணுவும். வேறு பலகை வாங்கலாம் என்று மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவனுக்கு அது பலகை. எனக்கு அது எங்கள் வளவு.

அயலூரில் முதிய ஓடாவியார் ஒருவர் இருக்கிறார். வண்டியும் வாசற்கதவும் செய்த கை. அவரிடம் கொண்டு சென்றோம். பலகையைச் சாய்த்து, வெயிலில் இழையோட்டத்தைப் பார்த்தார். நான்கு மில்லிமீற்றர் ஆழமென்றால் ஐந்து மில்லிமீற்றர் சீவவேண்டும், தடிப்பு இருக்கிறது, போகட்டும் என்றார். மின்சாரச் சீவுளி வேண்டாம், இழை பிய்ந்துவிடும் என்று கைச்சீவுளியையே எடுத்தார். ஒரு காலைப்பொழுது முழுவதும் குறுக்காகவும் சாய்வாகவும் சீவினார். எங்கள் எழுத்துக்கள் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தன. மாணவன் உதவிக்குப் பலகையை அழுத்திப் பிடிக்க, "பொறு மனே, அவ்வளவு அழுத்தாத; மரம் தானா இருக்கும்" என்றார். பொறியைப் பற்றி எல்லாம் விசாரித்துக் கேட்டுவிட்டு, "அதுக்குக் கை நடுங்காதாக்கும். பிழை விட்டா வெக்கமும் வராதே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்தது.

இரண்டாந் தடவை அவசரப்படவில்லை. எழுத்தைப் பலகையின் அளவிலேயே தாளில் அச்சிட்டு, பாடசாலைச் சுவரில் இரண்டு நாள் ஒட்டி வைத்தோம். போவோர் வருவோர் எல்லாரும் வாசிக்கட்டும் என்று. பின்னர் வெட்டுங்கருவியைப் பலகைக்கு மேலே உயர்த்தி வைத்து, காற்றிலே ஒரு முறை முழுவதையும் ஓடவிட்டோம். அதன்பின் மாமரத் துண்டொன்றில் ஊர்ப்பெயரை மாத்திரம் வெட்டிப் பார்த்தோம். அங்கேதான் ணகரத்தின் நடுச்சுழிக்கு அருகில் மரம் பெயர்ந்தது. சுழிகளை ஒன்றரை மில்லிமீற்றர் விலக்கி மீண்டும் வெட்ட, நின்றது. இவ்வளவுக்கும் பிறகே வேம்பைப் பொறியில் ஏற்றினோம். தொடக்க விசையை அழுத்துமுன், அந்தச் சிறுமியை அழைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் செய்தேன்.

வெட்டி முடிந்ததும் வேலை முடிந்தபாடில்லை. பெயர்ப்பலகையின் அழகு சாயத்தில் இருக்கிறது; கெடுவதும் அதிலேதான். வேம்பின் நுண்துளைகள் திறந்தவை. எழுத்தின் பள்ளத்தில் கறுப்பு நிறம் பூசினால் அது துளைவழியே பரவி எழுத்தின் ஓரத்தைக் கலங்கச் செய்யும். இதனைத் தடுக்க, வெட்டுமுன்னரே பலகையின் முகத்தில் மதுசாரத்திற் கரைத்த அரக்கை ஒரு முறை பூசியிருந்தோம். வெட்டியபின் பள்ளங்களுக்குள்ளும் மெல்லியதாக அதனையே தடவினோம். அது உலர்ந்த பின்பே கறுப்பைப் பூசினோம். பூசும்போது தூரிகை வெளியே சென்றாலும் கவலையில்லை. மறுநாள் மட்டமான கட்டையில் அரத்தாளைச் சுற்றி முகம் முழுவதையும் தேய்த்தால், மேலேயுள்ள கறுப்பும் அரக்கும் போய்விடும், பள்ளத்திலுள்ளது நின்றுவிடும். அரக்கு ஓரிடத்திலும் எஞ்சாமல் தேய்ப்பது முக்கியம். எஞ்சிய இடத்திற் சாயம் ஏறாது வெளிறித் தெரியும். எங்கள் பலகையின் இடது மேல் மூலையில் உள்ளங்கை அளவில் அத்தகைய திட்டு ஒன்று இன்றும் இருக்கிறது.

சாயத்தைக் கடைக்காரர் தரும் நிற அட்டையை நம்பித் தெரிதல் கூடாது. அட்டையிலுள்ளது வேறு மரம். வேம்பின் உள்மரம் இயல்பிலேயே செம்மை கலந்தது. மகோகனி நிறத்தைத் துண்டொன்றிற் பூசிப் பார்த்தபோது செங்கல்போல ஆயிற்று. கபில நிறத்தையே டேர்பன்டைன் விட்டு நீர்க்கச் செய்து, துணியால் இழையோடு இழையாகத் தடவி, சில நிமிடங்களில் மிகுதியைத் துடைத்தோம். பலகையின் வெட்டுமுனைகள் இரண்டும் சாயத்தைத் தண்ணீர்போலக் குடித்துக் கறுத்துவிடும்; அங்கே இன்னும் நீர்க்கச் செய்து பூசவேண்டும்.

காலமும் பார்க்கவேண்டும். மார்கழி மழையில் எங்கள் பக்கம் எதுவும் உலராது. நாங்கள் ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டோம். அப்பொழுது வீசும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியுமானது, ஈரம் நில்லாது. ஆனால் வயல் உழுத புழுதி முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்து ஈர வார்னிஷின்மேல் ஒட்டும். முதற்பூச்சு அவ்வாறு சொரசொரப்பாகிப் போயிற்று. அதனைத் தேய்த்துவிட்டு, காற்று அடங்கும் மாலைவேளையில், கதவடைத்த அறைக்குள் மூன்று பூச்சுக்கள் பூசினோம். வெயிலைத் தாங்கும் வெளிப்புற வார்னிஷாக இருத்தல் வேண்டும். வீட்டுத் தளபாடத்துக்குரியது ஓர் ஆண்டில் உரிந்துவிடும்.

மாட்டுவதற்குப் பித்தளைத் திருகாணி. வாவிக் காற்றில் இரும்பு துருப்பிடிப்பதோடு, மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புக் கறையும் உண்டாக்கும். திருகாணித் துளைகளை வட்டமாக இடாமல், பலகையின் அகலப்பக்கமாகச் சிறிது நீளமாக விட்டோம். மரம் மாரியில் அகலத்தில் விரியும், கோடையில் ஒடுங்கும்; அசைய இடங்கொடாது இறுக்கினால் நடுவிலே வெடிக்கும்.

பலகை இப்பொழுது நூலக வாயிலில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன், புரட்டாதியில் வார்னிஷ் பூசவேண்டும் என்று ஓடாவியார் சொல்லியிருந்தார். சென்ற ஆண்டு பரீட்சை வேலைகளால் அதனைத் தள்ளிப்போட்டுவிட்டேன். கீழோரம் முழுவதும், ஊர்ப்பெயருக்குச் சற்றுக் கீழே, மரம் சாம்பல் நிறம் பூத்துவிட்டது. அரத்தாளும் தூரிகையும் வாங்கி வைத்திருக்கிறேன்; இந்தப் புரட்டாதி முதற் சனிக்கிழமை மாணவரும் நானும் பலகையைக் கழற்றி இறக்குவதாக இருக்கிறோம்.